காஞ்சிபுரத்திலிருந்து ஒரு நாள்: நாரை தங்கும் ஏரியும் நாற்று மிதிபடும் வயலும்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் குறைந்துவிடும். குழித்தறியில் கால் வைக்கும் பள்ளத்தில் ஈரம் ஊறும். தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு உலர்த்த வெயில் வேண்டும், அதுவும் இருக்காது. நெசவாளர் வீட்டில் கை சும்மா இருக்கும் நாட்கள் இவை. சம்பா நடவு முடித்த வயல்காரருக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். களையெடுப்புக்கும் முதல் மேலுரத்துக்கும் நடுவே கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். இரண்டு பக்கமும் ஓய்வாக இருக்கும் இந்தச் சில நாட்களில்தான் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளுக்குப் பறவைகள் வந்து இறங்குகின்றன.

அப்படி ஒரு நாள், நெசவாளர் ஒருவர் மனைவியையும் பத்தாவது படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு உத்திரமேரூர் பேருந்தில் ஏறினார். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் மனைவியின் அண்ணனுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை, ஏரிப் பாசனம். அவரையும் சேர்த்துக்கொண்டு கரிக்கிலி, வேடந்தாங்கல் போய் இருட்டுவதற்குள் திரும்புவது திட்டம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் சுமார் 30 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் தாராளமாக முடியும்.

பேருந்தில் போகும்போது ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். காஞ்சிப் பட்டின் கரையிலும் முந்தானையிலும் பறவைகளுக்குக் குறைவே இல்லை. அன்னம், மயில், கிளி, இருதலைப்பட்சி என்று நெய்வார்கள். மயில்கண், குயில்கண் என்று புட்டாவுக்கே பறவையின் கண்ணைப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஊர் முழுக்கப் பிழைப்பதும் ஒரு பூச்சியால்தான். பட்டுப்புழு என்பது ஒருவகை அந்துப்பூச்சியின் புழு, வண்ணத்துப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் வளர்த்து வளர்த்து, அந்தப் பூச்சி பறப்பதையே மறந்துவிட்டது. இறக்கை உண்டு, பறக்காது. பெரும்பாலான கூடுகளில் பூச்சி வெளியே வருவதற்கு முன்பே வெந்நீரில் போய்விடும். துணியில் பறவையையும் நூலில் பூச்சியையும் வைத்துப் பிழைக்கும் ஊர்க்காரர்கள், உயிரோடு பறப்பவற்றைப் பார்க்க வருடத்தில் ஒரு நாளாவது போவது நியாயம்தானே!

ஏரிக்கு ஒரு வாரியம்

உத்திரமேரூர் என்றதும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடவோலை முறை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 920-ஆம் ஆண்டையொட்டி வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்ததைப் பற்றிப் பேசும் அளவுக்கு, எந்த வேலைக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. அதில் ஒன்று ஏரி வாரியம், இன்னொன்று தோட்ட வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ள என்றே ஒரு குழு! கணக்குக் காட்டாதவர் மறுபடி குழுவுக்கு வர முடியாது என்ற விதியும் உண்டு. இந்த ஊரின் பெரிய ஏரிக்குப் பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பெயர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும் ஏரி அது. வரத்துக்கால்வாயில் முள்செடி மண்டிக் கிடக்கும் இன்றைய ஏரிகளைப் பார்ப்பவர்களுக்கு அந்த வாரியத்தின் மேல் கொஞ்சம் பொறாமை வரும்.

மச்சான் ஏரிக்கரையிலேயே காத்திருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்ன மச்சான், உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன மாப்ளே. நட்டு இருபது நாள்தான் ஆவுது. ஏரியோரத்துல இருக்கிற கால் ஏக்கர்ல பாதி போச்சு. நீலக்கோழி. விடியக்காலையில கூட்டமா வந்து குருத்தைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போவுது. இதுல நத்தை தின்ன வர்ற நாரை வேற மிதிச்சுத் தள்ளுது. நீங்க என்னடான்னா பறவை பார்க்கப் போலாம்னு கிளம்பி வந்திருக்கீங்க!"

ஏரியை ஒட்டி நிலம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இந்தக் கோபம் புரியும். நீலத்தாழைக்கோழி என்று புத்தகங்கள் சொல்லும் அந்தப் பறவை கொள்ளை அழகு. ஊதாவும் நீலமும் கலந்த உடம்பு, சிவப்பு நெற்றி, நீண்ட சிவந்த கால். சம்பும் கோரையும் அடர்ந்த இடத்தில் ஒளிந்திருந்து, வெளிச்சம் வரும் நேரத்திலும் மங்கும் நேரத்திலும் வயலுக்கு வரும். தண்டின் அடிக்குருத்துதான் அதற்குப் பிடித்த தீனி. ஒரு குத்தில் கொஞ்சம் தின்று, மிச்சத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த குத்துக்குப் போகும். அழகு என்று சொன்னால் வயல்காரர் அடிக்க வருவார்.

மருந்துக்கடையில் யாரோ ஒருவர் வழி சொல்லியிருக்கிறார். ஊறவைத்த நெல்லில் குருணை மருந்தைக் கலந்து வரப்போரம் வைத்துவிட்டால் இரண்டே நாளில் தொல்லை தீரும் என்று. மருந்துப் பையும் வாங்கி வந்தாயிற்று. கொட்டகைப் பரணில் இருக்கிறது. "ஞாயித்துக்கிழமை வெச்சிடலாம்னு இருக்கேன்" என்றார். மகள் மாமாவின் முகத்தைப் பார்த்தாள், எதுவும் பேசவில்லை.

கரையோரத்து இறக்கைகள்

ஏரிக்கரையில் ஒன்பது மணி வெயில் விழுந்ததும் வண்ணத்துப்பூச்சிகள் கிளம்பின. மழை மூடிய நாளில் இவை இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். உடம்பு சூடானால்தான் பறக்க முடியும். அதனால் மழைக்கால வெயில் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் ஒரு நாள் வேலையையும் அதற்குள் முடித்துவிடும். கிணற்றடிப் பூண்டின் சின்னப் பூவில் எலுமிச்சை அழகி தேன் குடித்துக்கொண்டிருந்தது. எலுமிச்சைக் கன்றிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டு இலையைத் தின்னும் புழு இதனுடையதுதான். எருக்கஞ்செடியைச் சுற்றி வெந்தய வரியன். கொன்றை, ஆவாரையில் வளரும் கொன்னை வெள்ளையன் ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ கூப்பிட்டது போல ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு தேள்கொடுக்குச் செடியில் மட்டும் கருநீல இறக்கையுடைய பூச்சிகள் பத்துப் பதினைந்து மொய்த்திருந்தன. அதில் பெரிதாகப் பூ இல்லை, பாதிச் செடி காய்ந்தும் கிடந்தது. "காஞ்சதுல என்னத்தைத் தின்னுது?" என்றாள் நெசவாளரின் மனைவி. அவை நீல வரியன் இனத்தின் ஆண் பூச்சிகள். தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்ற செடிகளின் வாடிய தண்டிலும் இலையிலும் ஒருவகைக் கசப்பு நஞ்சு உண்டு. அதை உறிஞ்சித்தான் பெண் பூச்சியைக் கவரும் வாசனையை இவை தயாரிக்கின்றன. பறவை தின்னாமல் தப்பிப்பதற்கும் அந்தக் கசப்பு உதவுகிறது. பசுந்தாள் உரத்துக்கு நாம் விதைக்கும் சணப்பையும் கிலுகிலுப்பைக் குடும்பம்தான். சணப்பையை மடக்கி உழுத வயலில் திடீரென்று நீலப் பூச்சிகள் கூடுவதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். காரணம் இதுதான், பயிருக்கு இவற்றால் எந்தக் கெடுதியும் இல்லை.

இந்தக் கூட்டம் உள்ளூரில் மட்டும் சுற்றுவதில்லை. தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் லட்சக்கணக்கில் வரும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மறுபடி மேற்கே நகரும். போனது ஒரு தலைமுறை, திரும்புவது அதன் பிள்ளையோ பேரனோ. வழி சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலே போய்ச் சேருகிறது.

அதைவிட அதிசயம் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. மழைக்கு முன் கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான். மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் நன்னீரே இல்லாத அந்தத் தீவுகளுக்கு இந்தத் தட்டான் கூட்டம் கூட்டமாக வருவதைக் கவனித்தார். இந்தியாவிலிருந்து கிளம்பி, வடகிழக்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு, கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்று 2009-ல் எழுதினார். போய்வரும் தூரம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். நம் வயலின் தேங்கிய நீரில் முட்டையிட்டு, நீருக்குள் கொசுப் புழுவைத் தின்று வளர்ந்து, வெளியே வந்து தத்துப்பூச்சியைப் பிடித்துத் தின்று கிளம்பும் பூச்சி இது. வயலில் தட்டான் நிறைய இருக்கிற அன்று தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பது நல்லது.

கரிக்கிலியில் வாத்து

உத்திரமேரூரிலிருந்து ஆட்டோ பிடித்தால் முதலில் கரிக்கிலி. இங்கே இருப்பவை இரண்டு ஏரிகள், சுமார் 61 ஹெக்டேர். 1989-ல் சரணாலயமானது. வேடந்தாங்கலுக்குப் போகும் கூட்டத்தில் பாதிப்பேர் இங்கே எட்டிப்பார்ப்பதில்லை. அவர்களுக்குத்தான் நட்டம். நடுவே மரம் குறைந்த திறந்த நீர்ப்பரப்பு என்பதால் வாத்துகளுக்கு இந்த இடம் பிடிக்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் இறங்கும். கரைச் சேற்றில் உள்ளானும் வாலாட்டியும் நடந்துகொண்டே இருக்கும்.

"வெளிநாட்டுப் பறவை இங்கே வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது" என்று ஊரெல்லாம் சொல்வது வழக்கம். இந்த இதழுக்கு வரும் கடிதங்களிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதில் பாதிதான் சரி. மத்திய ஆசியா, சைபீரியா பக்கமிருந்து வரும் வாத்தும் உள்ளானும் இங்கே கூடு கட்டுவதே இல்லை. அங்கே பனி உறையும் மாதங்களைக் கழிக்க மட்டும் வருகின்றன. பங்குனி சித்திரையில் திரும்பிப் போய் அங்கேதான் முட்டையிடும். மரத்தில் கூடு கட்டும் நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கரண்டிவாயன் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தாம். ஒரு பகுதி காய்ந்தால் இன்னொரு பகுதிக்குப் போகும், மழை பெய்தால் திரும்பும். ஆக, வெளிநாட்டு விருந்தாளிக்குச் சாப்பாடும் பாதுகாப்பும் போதும். உள்நாட்டுப் பிள்ளைக்குப் பிரசவமே நம் ஊரில்தான்.

வேடன் பெயரில் ஒரு அடைக்கலம்

வேடந்தாங்கல் ஏரி பெரிது இல்லை, சுமார் 30 ஹெக்டேர். 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டோடு போய்விட்டது. ஆனாலும் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்கள் இன்னும் "நம்ம வேடந்தாங்கல்" என்றே சொல்கிறார்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. இந்தப் பக்கம் எத்தனையோ ஊர்ப் பெயரில் அது உண்டு. வேடனின் தாங்கலாக இருந்த இடம் வேட்டையே கூடாத இடமானது எப்போது என்று சொல்ல முடியாது. ஆனால் எழுத்தில் உள்ள சாட்சி பழையது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ், 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்று கவுல் எழுதிக் கொடுத்தார். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வரும் அதே கலெக்டர்தான். அந்தக் கவுல் 1858-ல் புதுப்பிக்கப்பட்டது. அரசு சரணாலயமாக அறிவித்ததெல்லாம் 1936-ல்தான். 2022-ல் கரிக்கிலியும் வேடந்தாங்கலும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் கலெக்டரிடம் போனதற்குக் கருணை மட்டும் காரணம் இல்லை, கணக்கும் இருந்தது. பறவைகள் பகல் முழுக்கச் சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும் மீன், நத்தை, தவளை, பூச்சி தின்றுவிட்டு இந்த ஏரி மரத்துக்குத் திரும்புகின்றன. எச்சம் விழுவது இந்த ஏரித் தண்ணீரில். அதாவது பத்து ஊர்ச் சத்து ஓர் ஊர் ஏரியில் சேர்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாக நெல்லுக்குப் பாய்கிறது. இந்த ஆயக்கட்டில் உரச்செலவு குறைவு என்பது தலைமுறை தலைமுறையாக இவர்கள் கண்ட அனுபவம். (இதைப் படித்துவிட்டு எல்லா ஏரித் தண்ணீரும் உரம் என்று நினைத்துவிட வேண்டாம். மண் பரிசோதனை செய்துதான் உர அளவைக் குறைக்க வேண்டும். தழைச்சத்து கூடினால் புகையானும் குலைநோயும் கூடவே வரும்.)

பறவை மிரளும் என்று தீபாவளிக்கு இந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் இதே வழக்கம். தூரத்து உதாரணமும் உண்டு. நாகாலாந்தில் டோயாங் நீர்த்தேக்கத்தருகே, ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் தங்கும் அமுர் வல்லூறுகளை வலைபோட்டுப் பிடித்து விற்றுவந்தார்கள். 2012-ல் அது வெளியே தெரிந்து நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே பாங்டி கிராமத்துக்காரர்கள் வலையைச் சுருட்டிவிட்டார்கள். விற்று வந்த பணத்தை இழந்துதான் அதைச் செய்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. ஊர் கூடி முடிவெடுத்தால் சட்டத்துக்கு வேலை குறைகிறது.

கரை மேல் நடக்க நல்ல பாதை உண்டு. பார்வைக் கோபுரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தால் நீர்க்கடம்பு மரங்களின் தலை முழுக்க வெள்ளை. நத்தைகுத்தி நாரைகள் சுள்ளி கொண்டுவந்து கூட்டில் சொருகிக்கொண்டிருந்தன. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் பறவை அது. வழுக்கும் நத்தை ஓட்டைப் பிடிப்பதற்கு வாகான அலகு. வக்கா பகலில் தூங்கிக்கொண்டிருந்தது. பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டி வந்தது. மகள் பைனாகுலரை யாருக்கும் தரவில்லை.

"மாமா, இங்க பாருங்க. அந்த நாரை வாயில நத்தை. உங்க வயல்ல இருந்து எடுத்துட்டு வந்ததோ என்னமோ!"

மச்சான் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அங்கிருந்த காவலாளியிடம் கேட்டார்: "ஏன்ங்க, உத்திரமேரூர் பக்கம் வயல்ல மேயறதும் இதுவும் ஒண்ணா?"

"பின்ன? இது மேயறது பூரா வெளிய தானே. இங்க தூங்கறதும் குஞ்சுக்கு ஊட்டறதும்தான். எங்கயாவது வயல்ல மருந்தைத் தின்னுட்டு வந்தா இங்க வந்துதான் விழும்."

மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. நெசவாளர்தான் மெதுவாகக் கேட்டார், "நீலக்கோழிக்குன்னு வைக்கிற நெல்லைக் கொக்கு, மைனா, நம்ம வீட்டுக் கோழி எல்லாம் தின்னுமே மச்சான்?"

"தின்னும்."

வயலுக்கு வேறு வழி

விஷ நெல் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். போரேட் குருணை 2020 இறுதியோடு நாட்டிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. மிச்சம் மீதி இருப்பதை எங்கேயாவது விற்றால் வாங்கக் கூடாது. செத்த பறவையைத் தின்னும் நாய், பருந்து, கீரிக்கும் அந்த நஞ்சு போகும். ஏரியோரம் மேயும் ஆடுமாடு குடிக்கும் தண்ணீரிலும் போகும்.

அதற்காக, பறவை வாழட்டும், பயிர் போகட்டும் என்று இரண்டு ஏக்கர்காரரிடம் சொல்வது அநியாயம். நீலக்கோழியின் சேதம் பெரும்பாலும் ஏரியை ஒட்டிய ஓர வயலில்தான். நட்ட முதல் மூன்று நான்கு வாரத்தைத் தாண்டிவிட்டால் பயிர் தாங்கிக்கொள்ளும். அந்த நாட்களுக்கு மட்டும் ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளியுமாக இருக்கும் பறவை விரட்டும் நாடாவை ஏரிப்பக்கத்து வரப்பில் கட்டலாம். ஒரு முறுக்கு விட்டுக் கட்ட வேண்டும். காற்றில் அது அதிர்ந்து எழுப்பும் சத்தமும் மின்னலும்தான் விரட்டும். முதல் நாளிலிருந்தே கட்டிவைத்தால் பறவைக்குப் பழகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். வரப்பை ஒட்டிய சம்பு, கோரையை நாலைந்து மீட்டர் அகலத்துக்கு அறுத்துவிட்டால் ஒளிந்து வர மறைவு இருக்காது. விடியலில் ஒரு மணி நேரம் ஆள் போய் நிற்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. நாற்றங்காலின் ஒரு மூலையில் உபரி நாற்று விட்டுவைப்பவர்கள் பழுதான இடத்தில் ஊன்றிவிடலாம். வயலின் உள்பக்கம் ஏக்கருக்கு இருபது பறவைத் தாங்கி நட்டால் கரிச்சான் வந்து உட்கார்ந்து புழுவைப் பொறுக்கும். கதிர் பால் பிடிக்கும் முன் அவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மணி தின்னும் குருவிக்கு அதுவே நாற்காலி ஆகிவிடும்.

வேடந்தாங்கலுக்குப் போக நினைப்பவர்கள் கார்த்திகையிலிருந்து மாசி வரை போகலாம். காலை ஆறிலிருந்து எட்டு வரையும், மாலை நாலுக்கு மேலும்தான் காட்சி. மத்தியானம் போனால் பாதி மரம் காலியாக இருக்கும். மழை சரியாகப் பெய்யாத ஆண்டில் ஏரி நிரம்பாது, பறவையும் தங்காது. அதனால் உள்ளூர்க்காரர்களிடம் தண்ணீர் நிலவரம் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. பளிச்சென்ற நிறச் சட்டை வேண்டாம். கரையில் தின்பண்டக் காகிதத்தைப் போட்டுவிட்டு வரவும் வேண்டாம்.

மாலை ஐந்தரைக்கு மேல் நான்கு திசையிலிருந்தும் பறவைகள் திரும்ப ஆரம்பித்தன. வடமேற்கிலிருந்து, உத்திரமேரூர்ப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு கூட்டத்தையும் மச்சான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி ஆட்டோ போய்விடும் என்று தங்கை இரண்டு முறை கூப்பிட்டாள்.

திரும்பும் வழியில் உத்திரமேரூர்க் கடைத்தெருவில் நாடா இரண்டு உருளை வாங்கினார். மறுநாள் விடியலில் கட்டியாயிற்று. மூன்று நாள் நீலக்கோழி வரவில்லை. நாலாம் நாள் நாடா கட்டாத தெற்கு மூலையில் ஏழெட்டு இறங்கி, ஒரு சென்ட் அளவுக்குப் பிடுங்கிப் போட்டிருந்தன. குருணைப் பை இன்னும் பரணில்தான் இருக்கிறது. "அதைத் திருப்பிக் கொடுத்தா கடைக்காரர் காசு தருவாரா மாமா?" என்று மருமகள் போனில் கேட்டாளாம். "காசு தராட்டியும் கொடுத்துடறேன், முதல்ல தெக்கு மூலைக்கு நாடா வாங்கணும்" என்றாராம்.